மத்தும் நட்சத்திரமும்

அன்புள்ள மங்கை,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். மருமகன் கம்ப்யூட்டரில் வரைவதற்கு இங்க்ஸ்கேப் மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததும் நல்லதாயிற்று. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர.

புது டிசைன் உண்டாக்க, ஒஹையோ ஸ்டார், சர்ன் டேஷ் என்ற இரண்டு பழைய பிளாக்குகளை (பிளாக் என்றால் குயில்டில் திரும்பத் திரும்ப வரும் சதுர டிசைன்) ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கண்றாவியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருக்கத்தான் செய்யும், வைத்தபடியே விட்டுவிட்டாயே! இந்த வேலையில் பாதி, கோடுகளை அழிப்பது.

நீ எடுத்த ஜோடி நல்ல ஜோடி. இரண்டும் மூன்றுக்கு மூன்று கட்டம். ஸ்டாரில் நான்கு பக்கக் கட்டங்களிலும் பெருக்கல் குறி. மூலைகளும் நடுவும் வெறும் சதுரம். சர்ன் டேஷில் பக்கக் கட்டங்கள் விளிம்புக்கு இணையாக இரண்டு பட்டைகளாகப் பிரியும், மூலைக் கட்டங்கள் குறுக்கே வெட்டிய முக்கோணங்களாக இருக்கும். (சர்ன் டேஷ் என்றால் வெண்ணெய் கடையும் மத்துதான். அவர்கள் மத்து சுற்றாது, உயரமான மரப்பீப்பாய்க்குள் மேலும் கீழுமாகக் குத்தும்.) இரண்டையும் அடுக்கினால் மூலைகளில் சிக்கலே இல்லை. பக்கக் கட்டத்தில்தான் பெருக்கல் குறியின் நடுவே பட்டைக் கோடும் புகுந்து ஆறு துண்டாகிறது, ஆறு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. பிளாக்குக்கு மொத்தம் 33 துண்டு. அதைத் தைத்தால் அந்தப் புள்ளி பொத்தான் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது அழி. பக்கக் கட்டத்தின் வெளிப்பாதியில் உள்ள சாய்கோடுகளை மட்டும் எடுத்துவிடு. வெளியே ஒரு முழுப் பட்டை. உள்ளே ஒரு பெரிய முக்கோணமும் அதன் இரு தோளிலும் சின்ன முக்கோணங்களும். உள்ளே இருக்கும் இந்த முக்கோணக் கூட்டுக்குத்தான் ஃப்ளையிங் கீஸ் (சுருக்கமாகக் கீஸ்) என்று பெயர். பெரிய முக்கோணத்தின் அடி நடுச் சதுரத்தைத் தொடுவதால், நாலையும் நடுவோடு ஒரே நிறத்தில் போட்டால் சாய்ந்து நிற்கும் பெரிய சதுரம் ஒன்று தெரியும். துண்டுகள் 25 ஆகிவிடும்.

அடுத்ததாக அதே கோப்பை நகலெடுத்து, உள்பாதிச் சாய்கோடுகளை அழித்து, வெளிப்பாதியில் இருந்தவற்றைத் திரும்ப வைத்துப் பார். இதுவும் 25 துண்டுதான், ஆனால் தனியாகப் பார்த்தால் சுமாராகத்தான் இருக்கும். நாலுக்கு நாலு அடுக்கிப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்: மூலை முக்கோணங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து பெரிய வைரமாகும், பக்க முக்கோணங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சின்ன வைரமாகும். 9 இன்ச் பிளாக்கில் பெரியதன் அகலம் 6, சின்னதன் அகலம் 3. பிளாக்குகள் சேரும் கோடு நெடுக, முனையோடு முனை தொட்டுப் பெரிது, சின்னது, பெரிது என்று மணிகோத்த மாதிரி போகும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒற்றை பிளாக்கைப் பார்த்து எதையும் தள்ளிவிடாதே.

வரைய: பக்கம் 9 இன்ச் சதுரம், கிரிட் (கட்டக்கோடு) இடைவெளி 1½ இன்ச், கிரிடில் ஒட்டும் வசதியை ஆன் செய். இரண்டு பழைய பிளாக்கும் தனித்தனி லேயரில் (அடுக்கில்) வெறும் கோடாக இருக்கட்டும். முடிவானதும் மூன்றாவது லேயரில் ஒரு மூலைக் கட்டத்தையும் ஒரு பக்கக் கட்டத்தையும் மூடிய வடிவங்களாக வரைந்து, 90 டிகிரியாகத் திருப்பி நகலெடு. வெறும் கோட்டுக்குள் நிறம் நிரம்பாது, அதனால்தான் மூடிய வடிவம். எல்லாவற்றையும் குரூப் செய்து, எடிட் மெனுவில் குளோன் என்பதன் கீழ் இருக்கும் டைல்டு குளோன் மூலம் 4 வரிசை, 4 நிரலாகப் பரப்பு. மூல பிளாக்கில் நிறம் மாற்றினால் பதினாறிலும் மாறும். பிளாக்குகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி தெரிந்தால், வடிவங்களின் ஓரக்கோட்டுத் தடிமனையும் சேர்த்து அளந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரக்கோட்டை நீக்கிவிடு.

நிறத்துக்கு அவசரப்படாதே. முதலில் வெளிர், நடு, கருமை என்று மூன்று சாம்பல் மட்டும் போடு. சிவப்பும் பச்சையும் திரையில் அடித்துக்கொண்டு நின்றாலும் சாம்பலாக்கினால் பல சமயம் ஒன்றாகிவிடும். அந்த ஜோடியில் தைத்தால் வைரம் தூரத்திலிருந்து தெரியாது.

9 இன்ச்சை மாற்றாதே. 10 என்று வைத்தால் ஒரு கட்டம் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் ஆகிவிடும், சாதாரண இன்ச் ஸ்கேலில் அந்தக் கோடு கிடையாது. அதேபோல் ஏழு கட்ட பேர்ஸ் பா பிளாக்கை இதன்மேல் வைக்க ஆசைப்படாதே. மூன்றும் ஏழும் 21-இல்தான் சேரும், நூல் நூலாகத் துண்டு வரும்.

இரண்டாவது வடிவத்துக்கு ஒரு பிளாக்கின் வெட்டு அளவு இது, ஓரத்தில் கால் இன்ச் தையலுக்கும் சேர்த்து. மூலைக்கு வெளிரில் இரண்டு, கருமையில் இரண்டு என்று 3⅞ இன்ச் சதுரங்கள். ஜோடியாக வைத்து மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்து வெட்டினால் நாலு கட்டம் கிடைக்கும். கீஸுக்குக் கருமையில் 4¼ சதுரம் ஒன்று, வெளிரில் 2⅜ சதுரம் நாலு. பெரியதன் எதிரெதிர் மூலைகளில் சின்னது இரண்டை வைத்து (நடுவில் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை), மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் இன்ச்சில் தைத்து, கோட்டில் வெட்டி இஸ்திரிப் பெட்டியால் தேய். கிடைக்கும் இரண்டு துண்டிலும் மீதிச் சதுரத்தை ஒவ்வொன்றாக மூலையில் வைத்து அதேபோல் தைத்து வெட்டு. நாலு கீஸ் வந்துவிடும். நடுச் சதுரம் 3½.

பட்டைதான் வில்லங்கம். கணக்குப்படி 2 × 3½ போதும். ஆனால் மூலை நிரலில் மேலிருந்து கீழே இரண்டு குறுக்குத் தையல், நடு நிரலிலோ நாலு. தையல் கால் இன்ச்சைவிட ஒரு நூலிழை கூடினாலும் நடு நிரல் குட்டையாகிவிடும், பிளாக் இடுப்பு சுருங்கினாற்போல இழுக்கும். அதனால் பட்டையை 2¼ அகலமாக வெட்டி, கீஸோடு சேர்த்த பிறகு, பட்டைப் பக்கத்தில் மட்டும் சீவி 3½ சதுரமாக்கு. கீஸ் பக்கத்தைத் தொடாதே. அங்கே சாய்தையல் இரண்டும் துணியின் மூலைக்கே வந்து முடிய வேண்டும், சீவினால் வைரத்தின் முனை போய்விடும்.

மெஷினைச் சோதிக்க 1½ இன்ச் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தை. மொத்தம் 3½, நடுப்பட்டை சரியாக 1 வர வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு நூலிழை வலப்பக்கம் நகர்த்து. துணி மடிகிற இடமும் அளவைக் கொஞ்சம் சாப்பிடும்.

வைரங்கள் முனை தொடும் இடத்தில் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் மூன்று தையல் வந்து முடியும், எதிர் பிளாக்கிலிருந்து இன்னும் மூன்று. ஆகவே கட்டங்களைச் சேர்க்கும் தையலை ஒருபக்கம் சாய்க்காமல் விரித்துத் தேய். பிளாக்கை பிளாக்கோடு சேர்க்கும்போது அந்த முனைகளில் குண்டூசி குத்திப் பிடித்துக்கொள்.

எலெக்ட்ரிக் குயில்ட் என்ற மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டு அட்டவணையை அதுவே போட்டுத் தரும், டெம்ப்ளேட்டும் (துணியில் வைத்து வெட்டும் காகித மாதிரி) அச்சிடும்; அடிக்கடி தைப்பவர்களுக்கு லாபம். ஒரு விரிப்புக்கு வேண்டாம். எதில் அச்சிட்டாலும் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிட்டு, ஒரு இன்ச் சதுரத்தை ஸ்கேலால் அளந்து பார்.

இது புது பிளாக்தானா, பெயர் வைக்கலாமா என்கிறாய். தாராளமாக வை. கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை மட்டுமே 1928 முதல் 1961 வரை பிளாக் பிளாக்காக அச்சிட்டுத் தள்ளியது. எங்கேயாவது இதுவும் வந்திருக்கலாம். சர்ன் டேஷுக்கே மங்க்கி ரெஞ்ச், ஹோல் இன் தி பார்ன் டோர் என்று வேறு பெயர்கள் உண்டு. இன்னொரு பெயரால் யாருக்கும் நஷ்டமில்லை.

மிச்சத் துணியில் முதலில் ஒன்றே ஒன்று தைத்து, தேய்த்து, மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து எழுது. மூன்றும் 9½ வந்தால் மீதி பதினைந்தையும் வெட்டு.

அன்புடன்,
வசந்தா