அந்த 8 சதவீதம் எதன் மீது என்று சொல்ல வையுங்கள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கு, ஹைதராபாத்.

ஐயா, வணக்கம்.

100 வயது வரை காப்பீடு தரும் முழு ஆயுள் பாலிசியைப் பென்ஷன் என்று நம்பி வாங்கியவர்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். "20 வருஷம் கட்டுங்க, அப்புறம் 100 வயசு வரைக்கும் வருஷா வருஷம் 8 பர்சென்ட் வரும்" என்று ஏஜென்ட் சொல்கிறார். கேட்பவர் அதை வங்கி வட்டி என்றே எடுத்துக்கொள்கிறார்.

அந்த 8 சதவீதம், கட்டிய பணத்தின் மீது அல்ல, பாலிசி எவ்வளவுக்கு எடுக்கப்பட்டதோ அந்தக் காப்பீட்டுத் தொகையின் மீது கணக்கிடப்படுவது. 5 லட்சம் பாலிசிக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். ஒருவர் ஆண்டுக்கு 28,000 வீதம் 20 ஆண்டுகள் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,60,000 கட்டி முடித்த பிறகுதான் முதல் 40,000 கைக்கு வரும். அத்தனை வருடக் காத்திருப்பும் அந்த 8-க்குள் தெரிவதே இல்லை. நிறுவனத்தின் லாபத்தில் பங்காகப் போனஸ் சேரும்தான், ஆனால் அது இறந்த பிறகோ 100 வயதிலோதான் கிடைக்கும். போதாக்குறைக்கு, பாலிசியில் என்ன கிடைக்கும் என்று காட்ட நீங்கள் கட்டாயமாக்கிய பலன் விளக்க அட்டவணையிலும் 4, 8 என்று இரண்டு சதவீதங்கள். அவை நிறுவனத்தின் முதலீட்டு வருமானம் பற்றிய அனுமானங்கள். வாங்குபவருக்கு எல்லா 8-ம் ஒன்றுதான்.

இந்தப் பாலிசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை உள்ள பெற்றோருக்கு இது உண்மையிலேயே உதவும். அவர்கள் 62-ல் போனாலும் 88-ல் போனாலும் அந்தப் பிள்ளைக்குப் பணம் வேண்டும். டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, பொதுவாகக் குறிப்பிட்ட வயதோடு முடிந்துவிடும். ஆனால் வீட்டுக் கடனும் சின்னக் குழந்தைகளுமாக இருக்கும் 35 வயதுக்காரருக்கு, அதே பிரீமியத்தில் பல மடங்கு பெரிய டெர்ம் பாலிசி கிடைக்கும். அதை யாரும் சொல்வதில்லை.

2024-ல் பாலிசியைத் திருப்பித் தரும் அவகாசத்தை 30 நாளாக்கினீர்கள். முதல் ஆண்டு பிரீமியம் கட்டி அந்த ஆண்டு முடிந்தாலே, பாலிசியை இடையில் நிறுத்துபவருக்குத் திரும்பும் சரண்டர் தொகை கிடைக்க வழி செய்தீர்கள். நல்ல காரியம், நன்றி. ஆனால் ஆங்கிலத்தில் வரும் பத்திரம் படிக்கப்படாமலே பீரோவுக்குள் போகிறது. 30 நாளும் அப்படியே ஓடிவிடுகிறது.

ஆகவே, கையெழுத்து வாங்கும் முன்பே தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், முதல் பணம் எந்த ஆண்டில் வரும், ஐந்தாம் ஆண்டில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும், எல்லாம் சேர்த்து உண்மையான ஆண்டு வருமானம் எத்தனை சதவீதம், அதே பிரீமியத்துக்கு எவ்வளவு டெர்ம் காப்பீடு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் ரூபாய்க் கணக்கோடு இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் வாங்குபவரோடு ஏஜென்ட்டும் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர்