திருப்பூர்க்காரங்களுக்கு எங்க சர்க்கஸ் சார்பா நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கம், சர்க்கஸ் மேனேஜர் எழுதுறேன். கூடாரத்தப் பிரிச்சு லாரில ஏத்துறதுக்குள்ள இத எழுதிடணும்.

மொத நன்றி பனியன் கம்பெனி டெய்லருங்களுக்கு. ட்ரபீஸ் (உசரத்துல ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவுற வித்தை) ஆடுறவங்க டிரெஸ்ஸெல்லாம் சாயம் போயி தையல் விட்டுக் கெடந்துச்சு, நீங்க ஷிப்ட் முடிஞ்சு வந்து அளவெடுத்து, மிச்சம் விழுந்த லைக்ரா துணில ஓவர்லாக் அடிச்சுக் குடுத்துட்டு டீக்குக் கூட காசு வாங்கல. மேல தொங்கும்போது அக்குள்ல தையல் உறுத்துனா கவனம் செதறிடும்ங்க, அத நாங்க சொல்லாமலே தட்டையா தெச்சிருந்தீங்க பாருங்க, அதுதான் தொழில்.

இப்ப விசயத்துக்கு வரேன். பணம் போடறேன்னு வந்த ஒரு பார்ட்டி ட்ரபீஸ எடுத்துட்டு டிஜே, ரோபோ யானை, சினிமா டான்ஸ் வைங்கன்னாரு. அவரு கணக்கும் தப்பில்ல, உசரமான கூடாரம், நெட்டு, பறக்கறவங்க, புடிக்கற கேட்சர்னு செலவு பூரா அதுக்குத்தான். ஆனா சிங்கம் புலி கரடியெல்லாம் மத்திய அரசோட 1998 உத்தரவோட போச்சு, சுப்ரீம் கோர்ட்டும் 2001ல அது சரின்னுடுச்சு, 2011ல சின்னப் புள்ளைங்கள வேலைக்கு வெக்கக் கூடாதுன்னாங்க (நியாயம்தான், அதுல எனக்கு மறுபேச்சே இல்ல), அப்ப மிச்சம் இருக்கறது வளந்த மனுசனோட உடம்பும் பழக்கமும் மட்டும்தானே? 1901ல கேரளாவுல தலச்சேரி சிறக்கரைல கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பள்ளிக்கூடம் வெச்சு சொல்லிக் குடுத்த வித்தைங்க இது, இதையும் எடுத்துட்டா சர்க்கஸ்னு போர்டு எதுக்கு.

முடியாதுன்னு சொல்லிட்டேன். சொன்னது ஈசி, அந்த வாரம் அரிசிக்கே காசில்ல. கடனா மூட்ட எறக்குன மளிகைக்கடை அண்ணாச்சி, வாடகை வாங்காம மைக் கட்டிட்டு ஊரச் சுத்துன ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்ங்க, ஞாயித்துக்கிழம நைட் ஷோவ நெறச்ச ஒடிசா பீகார் தம்பிங்க, உங்களாலதான் ஜூலா (ட்ரபீஸ் ஊஞ்சல்) எறங்கல. அந்தத் தம்பிங்களுக்காக நம்ம ஜோக்கர் பாதி ஷோ இந்திலயே பேசுனாரு, முன்வரிசைல இருந்த பாட்டிங்களுக்கு ஒண்ணும் புரியல, ஆனாலும் சிரிச்சாங்க!

சினிமா டான்ஸ் ஒண்ணு வெச்சோம், மறைக்கல. அந்தப் பாட்டு ஓடற நேரத்துல நெட்டு கட்டிக்கறோம், அதனால எனக்கும் அது மேல இப்பக் கோவம் இல்ல.

அண்ணாச்சி, பாக்கிய அடுத்த கேம்ப் கரூர்ல மொத வார வசூல் வந்ததும் ஆள் மூலமா குடுத்தனுப்பறேன். டெய்லர் அக்கா, மிச்சத் துணி ஆபீஸ் டென்ட்ல இருக்கு, காலைல வந்தா வாங்கிக்கலாம்.