கெவினுக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள்? 'தி ஆபீஸ்' எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரை உருவாக்கிய க்ரெக் டேனியல்ஸ் அவர்களுக்கும் அதை எழுதிய அனைவருக்கும் வணக்கம்.

ஒரு காகித விற்பனை நிறுவனத்தின் ஸ்க்ரான்டன் கிளையை ஆவணப்படக் குழு ஒன்று படமெடுப்பதுபோல் அமைந்த நகைச்சுவைத் தொடர்; 2005 முதல் 2013 வரை என்பிசி சேனலில் ஒன்பது சீசன், 201 எபிசோடு. அத்தனையையும் திரும்பத் திரும்பப் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். அதனால் அந்தக் கிளையில் கணக்கர்கள் ஆஸ்கர், ஏஞ்சலா, கெவின் மூவரும் உட்கார்ந்திருக்கும் அந்த மூலை எனக்குக் கொஞ்சம் கூடுதல் நெருக்கம்.

கிளை மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கேரல் விலகியதும் தொடர் படுத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2011-ல் மைக்கேல் ஸ்காட் விமானம் ஏறுவதற்கு முன்பே ஏதோ ஒன்று கைநழுவிவிட்டது. அது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் சீசனில் ஆறே எபிசோடு. பிரிட்டிஷ் மூலத்தின் நிழல் விலகாமல் இருந்தது; மைக்கேல் சகிக்க முடியாத ஒரு மேனேஜர், அவ்வளவுதான். அடுத்த சீசனில் 'தி க்ளையன்ட்' வந்தது. காகித ஆர்டர் கேட்டு மாவட்ட அதிகாரி ஒருவரை மைக்கேல் சில்லீஸ் உணவகத்துக்கு வரவழைக்கிறார். மேலதிகாரி ஜான் பக்கத்தில் நெளிகிறார். மைக்கேலோ வியாபாரப் பேச்சையே எடுக்காமல் ஜோக்கும் ஊர்க்கதையுமாக நேரத்தை ஓட்டுகிறார். கடைசியில் ஆர்டர் இவருக்குத்தான். இந்த மனிதர் அருமையான விற்பனையாளர், தெரியாத்தனமாக மேனேஜராக்கிவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன்பிறகு அவருடைய அசட்டுத்தனம் எதுவும் வெறும் அசட்டுத்தனமாகத் தெரியவில்லை. மூன்றாவது சீசனில் ரிசப்ஷனிஸ்ட் பேமின் ஓவியக் கண்காட்சிக்குக் கடைசி நேரத்தில் ஓடிவந்து, அலுவலகக் கட்டடத்தை வரைந்த படத்தை வாங்கிக்கொள்கிறாரே, அந்தக் காட்சியில் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

அப்போது எழுதியவர்களில் சிலர் அந்த மேஜைகளிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். பால் லீபர்ஸ்டீன் டோபியாக, பி.ஜே. நோவாக் ரயனாக, மிண்டி கேலிங் கெல்லியாக. மிண்டி எழுதிய தீபாவளி எபிசோடில் கெல்லியின் பெற்றோராக அவருடைய சொந்த அப்பா அம்மாவே வந்தார்கள். அந்த அப்பாவின் பெயரில் சொக்கலிங்கம் இருப்பது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2007-ல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வந்து நான்காவது சீசன் சுருங்கியது. ஆனாலும் வேலைநிறுத்தம் முடிந்து முதலில் ஒளிபரப்பானது 'டின்னர் பார்ட்டி'. சுவரில் மாட்டிய அந்தக் குட்டி பிளாஸ்மா டிவியை மைக்கேல் பெருமையாகக் காட்டும் இடத்தில் சிரிப்பும் வலியும் ஒன்றாகவே வரும். நீங்கள் ஏறிய உச்சம் அதுதான்.

பிறகு மெல்ல மெல்ல வேலை கதையிலிருந்து நழுவியது, ஒவ்வொருவரும் தங்கள் ஒரே ஒரு குணமாகச் சுருங்கினார்கள். கெவினைப் பாருங்கள். தொடக்கத்தில் நிதானமாகப் பேசுவார், பேண்டில் டிரம்ஸ் வாசிப்பார், போக்கரில் உலகப் பட்டம் வென்றவர். கடைசி சீசன்களில் அவர் பெரிய உடம்புக்குள் ஒரு குழந்தை. இறுதி எபிசோடில் 'கெலெவன்' என்று இல்லாத எண் ஒன்றை வைத்துக் கணக்கை நேர்செய்தார் என்று வேலையிலிருந்தே தூக்கிவிட்டீர்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகாமல் தேடுகிறவர்கள் நாங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் தன் வேலையைத் தெரிந்தவர் என்று ஒரு முறையாவது காட்டியிருக்கலாம்.

விற்பனையாளர் ஆண்டிக்கு நடந்தது இன்னும் மோசம். எட்டாவது சீசனில் அவரை நல்ல மேனேஜராக நம்பவைத்துவிட்டு, ஒன்பதாவதில் காதலி எரினைத் தவிக்கவிட்டு மூன்று மாதம் படகில் அனுப்பினீர்கள். ஆண்டியாக நடித்த எட் ஹெல்ம்ஸ் சினிமாப் படப்பிடிப்புக்குப் போகவேண்டியிருந்தது என்பது தெரியும். இருந்தாலும் கதைக்குள் அதற்கு நியாயம் இல்லையே.

அதே ஒன்பதாவது சீசனில் விற்பனையாளர் ஜிம்முக்கும் அவர் மனைவி பேமுக்கும் வந்த பிணக்கைப் பல ரசிகர்கள் வெறுத்தார்கள். நான் உங்கள் பக்கம். ஜிம்மின் புதுத் தொழில் ஃபிலடெல்ஃபியாவில், பேமும் பிள்ளைகளும் ஸ்க்ரான்டனில். சம்பளமும் தூரமும் வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்யும் என்பதை ஒளிக்காமல் காட்டினீர்கள். அங்கே வேலை மறுபடி கதைக்குள் வந்துவிட்டது, கதையும் உயிர்பெற்றது.

இப்போது அதே ஆவணப்படக் குழுவை டொலிடோவின் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பி 'தி பேப்பர்' எடுக்கிறீர்கள். ஆஸ்கர் அங்கேயும் கணக்குதான் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் ஒரு நாளை அவருக்காக முழு எபிசோடாக எழுதுங்கள். இடிக்கிற தொகை எங்கே இருக்கிறது என்று அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
கணக்குப் பிரிவிலிருந்து ஒரு ரசிகை