மச்சானுக்கு, மனை விஷயமாக

அன்பு மச்சானுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மனை விற்பனை நோட்டீஸைப் பார்த்தேன். ‘பரந்தூர் ஏர்போர்ட்டுக்கு மிக அருகில், சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயை ஒட்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, மேலே ஒரு விமானப் படம். சென்னைக்கு இரண்டாவதாக இனிமேல்தான் வரவேண்டிய ஏர்போர்ட் அது. போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். தங்கச்சியின் நகையையும் வைத்துப் பணம் புரட்டப் போகிறாய் என்று நீ சொன்னதும் மனசு கேட்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இடம் உனக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாம் நுங்கு வெட்டித் தின்போமே, அந்தப் பம்பு செட் கழனி. பம்பு செட் அறை கூரையில்லாமல் நிற்கிறது, அதன் சுவரில் மனைப்பிரிவின் பெயரை எழுதியிருக்கிறார்கள். பனைமரம் மூன்று மிச்சம். வரிசையாக மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். தார் ரோட்டின் ஓரத்தைக் காலால் தள்ளினேன், அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. அதுகூடப் பரவாயில்லை. மேற்கு ஓரத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. பெரிய ஏரியில் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து சித்தேரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் அந்தப் பக்கம்தானே ஓடும்? அங்கே கிராவல் அடித்து மட்டமாக்கி ரோடு போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சர்வே துறையின் பழைய புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். வாய்க்கால் தனி சர்வே எண், புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. உனக்குச் சொன்ன மனை எண் அந்த ரோட்டுக்கு அடுத்த வரிசை. ஒரு நல்ல மழை வந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி உன் வாசலுக்குத்தான் வரும்.

சரி, எக்ஸ்பிரஸ்வே கதைக்கு வருகிறேன். ‘ஒட்டி’ என்று எழுதியிருப்பது பொய்யில்லை, மனையிலிருந்து பார்த்தால் அந்தச் சாலைக்குப் போட்ட மண்மேடு கண்ணுக்கு நேரே நிற்கிறது. ஆனால் அதில் எங்கே ஏறுவாய்? நாம் சின்ன வயதில் பார்த்த பழைய பெங்களூரு ரோடு வேறு மாதிரி. அதன் ஓரத்தில் நிலம் இருந்தால் டீக்கடை வைக்கலாம், பஞ்சர் கடை வைக்கலாம், கல்யாண மண்டபம் கட்டலாம், எந்த இடத்திலும் வண்டி இறங்கும். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலம் விலை ஏறியதெல்லாம் அப்படிப்பட்ட ரோட்டை வைத்துத்தான். இந்தப் புதுச் சாலை அப்படியில்லை. பெங்களூரு பக்கத்தில் ஹொஸ்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 260 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் அடைப்பு, இன்டர்சேஞ்ச் என்று குறித்த இடங்களில் மட்டும்தான் ஏற்றமும் இறக்கமும். இந்த மாதிரிச் சாலைகளில் பைக்குக்கும் டிராக்டருக்கும் பொதுவாக அனுமதியே கிடையாது. மனையிலிருந்து அடுத்த ஏற்றம் வரைக்கும் வண்டி மீட்டரில் பார்த்துக்கொண்டே போனேன், 14 கிலோமீட்டர் காட்டியது. விலை ஏறுவது நியாயமானால் அங்கே ஏறவேண்டும், மேட்டுக்குக் கீழே இருக்கும் நிலத்துக்கு லாரிச் சத்தம்தான் மிச்சம். என் பெரியப்பா மகனுக்கு மேட்டின் இரண்டு பக்கமும் கழனி இருக்கிறது. முன்பு வரப்பைத் தாண்டிப் போன இடத்துக்கு இப்போது அண்டர்பாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு நடவாட்களை டிராக்டரில் ஏற்றிப் போகிறான். மழை நாளில் அந்த அண்டர்பாஸில் முழங்கால் அளவு தண்ணீர்.

எங்கள் நிலம் இந்தச் சாலைக்குப் போன கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 2022 மே மாதம் பிரதமர் சென்னையில் அடிக்கல் நாட்டியதை நீ டிவியில் பார்த்திருப்பாய். அதற்கு வெகு முன்பே சர்வேயர்கள் வந்து கல் ஊன்றிவிட்டார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்று ஒரு அறிவிப்பு பேப்பரில் வரும், அதில் உன் சர்வே எண் இருந்தால் ஆட்சேபம் சொல்ல 21 நாள். அப்புறம் 3டி வந்தால் நிலம் மத்திய அரசுடையது, அவ்வளவுதான். எங்கள் ஒரு ஏக்கர் 40 சென்ட்டில் 62 சென்ட் போனது. போனதுகூடப் பெரிதில்லை, குறுக்காக வெட்டிக்கொண்டு போனதால் மிச்சம் ஒரு முக்கோணம், மாட்டை வைத்து உழுதாலும் திருப்ப இடமில்லை, மிஷின் உள்ளேயே வராது.

இழப்பீட்டுக் கணக்கை உட்கார்ந்து பார்த்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. முந்தைய 3 வருஷத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அதில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரியைப் பார்ப்பார்கள், பத்திரப் பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அது. அதற்கு மேல் கிராமப்புறத்துக்கு ஒரு பெருக்கல், அதற்கு மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை. இதையெல்லாம் சொல்லும் 2013 நில எடுப்புச் சட்டம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் எந்தப் பத்திரத்தில் உண்மை விலை இருக்கிறது? முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்கே எழுதினோம். சித்தப்பா பங்கை வாங்கியபோது நானும் அப்படித்தான் எழுதினேன். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? நிலம் எடுக்க வந்தவர்கள் அந்தக் குறைந்த எண்ணைத்தான் எங்கள் முன்னால் வைத்தார்கள். அதன் மேல் எத்தனை மடங்கு போட்டாலும், அந்தப் பணத்துக்கு அதே ஊரில் அதே அளவு கழனி வாங்க முடியவில்லை. காரணம், சாலை வருகிறது என்ற பேச்சிலேயே மிச்ச நிலத்தின் விலை ஏறிவிட்டது. எடுக்கிறவனுக்குப் பழைய விலை, வாங்கப் போகிறவனுக்குப் புது விலை. இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் எல்லோரும் வீடு கட்டுகிறார்கள்.

பரந்தூரில் இது இன்னும் கொடுமை. 2022 ஆகஸ்டில் இடத்தை அறிவித்தார்கள், எடுக்கும் நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் ஊர் மொத்தமும் அதற்குள் வருகிறது. அன்றிலிருந்து அந்த ஜனங்கள் வயல் வேலை முடித்து, சாயங்காலம் கூடி உட்கார்ந்து போராடினார்கள், கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். ஆயிரம் நாளைத் தாண்டிப் போனது அந்தப் போராட்டம். தொழில் தேவைக்கு நிலம் எடுக்க மாநிலம் போட்ட 1997-ஆம் வருஷச் சட்டத்தில் எடுப்பதால், 2013 சட்டத்தில் சொன்ன சமூகத் தாக்க ஆய்வும் கட்டாயமில்லை. அறிவிப்புக்குள் சிக்கிய நிலத்தை ஒருவரும் வாங்க வரமாட்டார்கள், அதை நம்பிப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியவன் அப்படியே நிற்கிறான். ஓடை தாண்டினால் அடுத்த ஊரில் கழனிக்குக் கழனி மஞ்சள் கல். நீ பார்த்த நோட்டீஸில் இருக்கும் மனை அந்த அடுத்த ஊர்களில் ஒன்றில்தான். பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை போகும் கம்பன் கால்வாயும் அந்த விமான நிலைய இடத்தின் வழியாகத்தான் போகிறது. அதை எப்படித் திருப்பினாலும் கீழே இருக்கிற ஏரிகள் எல்லாவற்றுக்கும் அதில் சம்பந்தம் இருக்கிறது.

சாலையே வேண்டாம், விமான நிலையமே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். என் மகனே பெங்களூருவில்தான் இருக்கிறான், மூன்று மணி நேரத்தில் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். எனக்குக் கோபம் வரிசையில்தான். முதலில் அறிவிப்பு, அடுத்து மனை, அப்புறம் ரோடு, கடைசியில் பிளான். சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022 அக்டோபரில் 5,904 ஆக்கி காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கத்தையும் சேர்த்தார்கள். நல்ல காரியம். எது ஏரி, எது வாய்க்கால், எங்கே ஊர் வளரலாம், எங்கே வளரக் கூடாது என்று படம் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் படம் வருவதற்குள் கல் ஊன்றி முடித்துவிடுகிறார்கள், பிறகு வரும் படம் இருக்கிற கல்லைச் சுற்றித்தான் கோடு போடும்.

என் மகள் நகரத் திட்டமிடல் படிக்கிறாள் தெரியுமல்லவா, அவள் குஜராத் முறையைச் சொன்னாள். அகமதாபாத்தில் ரிங் ரோடு போட்டபோது வழியில் சிக்கினவன் நிலத்தை மட்டும் எடுக்காமல், சுற்று வட்டாரத்தில் எல்லோரிடமும் ஒரு பங்கு வாங்கி, ரோடும் பூங்காவும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை நேர்த்தியாகப் பிரித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நிலம் சின்னதாகும், ஆனால் ரோடு முகப்போடு விலை ஏறும், ஏற்றமும் இழப்பும் எல்லோருக்கும் பொது. எங்கள் முக்கோணத்தை நினைத்துக்கொண்டே கேட்டேன். உடனே அவளே அமராவதியையும் சொன்னாள். அங்கே ஆந்திராவின் புதுத் தலைநகருக்காக 33,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகள் நம்பிக் கொடுத்தார்கள், ஆட்சி மாறியதும் தலைநகரம் நின்றுபோய் வருஷக்கணக்கில் நடுத்தெருவில் நின்றார்கள். முறை சரியாக இருந்தாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்ற ஆள் வேண்டும் என்றாள். இருந்தாலும், குறுக்கே விழுந்த கோட்டில் யார் நிலம் இருக்கிறதோ அவன் தலையில் மட்டும் மொத்தப் பாரத்தையும் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்காதே. புரோக்கர் பையன் இந்த வாரமே விலை ஏறுகிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறான், நான் போனபோது என்னிடமும் சொன்னான். மனை வேண்டும் என்றால் ஊருக்குள்ளே பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்ப்போம், விமானம் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே குடியிருக்கலாம். நீ கேட்ட மனைக்கு டிடிசிபி என்ற நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி எண், ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் எண், 30 வருஷ வில்லங்கச் சான்று மூன்றையும் கேட்டேன். முதல் இரண்டையும் ‘விண்ணப்பம் போட்டிருக்கோம் சார்’ என்றான். வில்லங்கம் நானே போட்டிருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன். வாய்க்கால் விஷயமாகத் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், புலப்பட நகலோடு பொங்கல் கழிந்து வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன். ஊரில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், உன் அப்பா பெயரில் சித்தேரிப் பாசனத்தில் இன்னும் 30 சென்ட் பட்டா இருப்பதால் உன் கையெழுத்தும் செல்லும். பொங்கலுக்கு வரும்போது போட்டுவிட்டுப் போ, அத்தையின் மூட்டுவலிக்குத் தைலமும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்