நாலேகாலுக்கு அப்புறம்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் அப்பத்தா பாதியைக் கேட்டுவிட்டு முழுசுக்கும் பதில் சொல்வார்கள், தம்பி நடுவில் போனைப் பிடுங்குவான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வாட்ஸ்ஆப்பில்தான் வரும், ஆனாலும் கடிதமாகவே படி. படித்துவிட்டு அப்பாவிடமும் காட்டு.

பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல், சிநேகிதிகளோடு ஆறு மணி வரைக்கும் எங்கேயாவது இருந்துவிட்டு வரலாமா என்று கேட்டாய். வரலாம். எங்கே, எப்படி என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

உனக்கு நாலேகால் மணிக்குப் பள்ளி விடும்போது இங்கே மஸ்கட் ஆஸ்பத்திரியில் இரண்டே முக்கால். மூன்று மணிக்கு எங்களுக்கு டூட்டி மாறும். அடுத்து வருகிற நர்ஸைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போய், யாருக்கு என்ன மருந்து கொடுத்தோம், யாருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று ஒப்படைக்கிற நேரம். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு மதுரையில், தல்லாகுளத்தில் இருக்கும். இந்நேரம் பள்ளி கேட்டைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். "வீட்டுக்கு வந்துட்டேன்மா" என்று உன் மெசேஜ் வந்த பிறகுதான் சாப்பிடப் போவேன். இதை உன்னைக் கட்டிப்போடுவதற்காகச் சொல்லவில்லை. நீ ஒன்றரை மணி நேரம் தள்ளி வந்தால் நானும் கொஞ்சம் தள்ளிச் சாப்பிடுவேன், அவ்வளவுதான்.

உனக்கு இந்த நேரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா கீழமாசி வீதியில் கடையைப் பூட்டிவிட்டு வர ஒன்பது மணி ஆகிறது. அப்பத்தா தூங்கி எழுந்து சீரியல் பார்க்கிறார்கள். நீ வீட்டுக்கு வந்து அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லோரும் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் போனுக்குள் யார் யாரோ வந்து பேசுகிறார்கள், அது அப்பத்தாவுக்குத் தெரியாது. நாலு சிநேகிதிகளோடு மரத்தடியில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருவது அதைவிட எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் உன் வயதில் இருந்தபோது பெண் பிள்ளைகள் வெளியே இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். டைப்ரைட்டிங் கிளாஸ், ஹிந்தி கிளாஸ், இல்லையென்றால் கோயில். சும்மா நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம் என்று வீட்டில் சொல்ல முடியாது. அதனால் பஸ் ஸ்டாப்பில் பேசுவோம். கூட்டமாக இருக்கிறது என்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவோம். அந்த இருபது நிமிஷம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அதே நேரத்தில் எங்கள் தெருப் பையன்கள் தமுக்கம் மைதானத்தில் விளக்குப் போடும் வரை விளையாடிவிட்டு வருவார்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இன்றைக்கும் நம் வீட்டில் தம்பி ஆறரைக்கு வந்தால் சட்டை ஏன் அழுக்கு என்று மட்டும்தான் கேட்கிறார்கள். உனக்குக் காரணம் எதுவும் தேவையில்லை. சிநேகிதிகளோடு இருக்க ஆசையாக இருக்கிறது என்பதே போதும். அப்பத்தாவிடம் அதை நான் பேசிக்கொள்கிறேன்.

சரி, இடத்துக்கு வருவோம்.

உன் பள்ளியிலிருந்து பக்கம், எனக்கு மனசுக்கு முழுத் திருப்தி, புதுநத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15ஆம் தேதி, காமராசர் பிறந்தநாளில் திறந்தார்கள். தரைத்தளம் போக மேலே ஆறு மாடி, மூன்று லட்சத்துக்கும் மேல் புத்தகம். போன லீவில் நாம் போனோமே, தம்பி குழந்தைகள் பகுதியை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தானே, அதே இடம்தான். நீ அங்கே போய்ப் படித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே சத்தம் போடாமல் ஒரு புத்தகத்தைப் புரட்டலாம், வெளியே வந்து படியில் உட்கார்ந்து பேசலாம். எனக்கு அந்த இடம் ஏன் பிடிக்கிறது தெரியுமா? காசு எதுவும் செலவழிக்காமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். வாசலில் காவலாளி இருக்கிறார். சுத்தமான கழிப்பறை இருக்கிறது. பெண் பிள்ளைகள் வெளியே இருக்கிற நேரத்தைக் கழிப்பறைதான் தீர்மானிக்கிறது என்பதை ஆண்கள் யாரும் யோசிப்பதில்லை. மதியமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால் வருகிற சிறுநீர்த் தொற்றையும் வார்டில் பார்க்கிறேன். எங்கே போனாலும் கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் நிறையத் தண்ணீர் குடி.

அந்த நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்கள், அக்காக்கள். அவரவர் வேலையில் இருப்பார்கள், ஆனால் ஒரு பிள்ளை சங்கடத்தில் இருந்தால் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். பெரியவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இங்கே மஸ்கட்டில் மத்ரா கடற்கரைச் சாலையில் இரவு ஒன்பது மணிக்கும் உன் வயதுப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டே இருக்கும், கடைகள் திறந்திருக்கும், வெளிச்சம் இருக்கும். நம் ஊரில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி இப்போது சாயங்காலம் அப்படித்தான் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்ததிலிருந்து ஊரே அங்கேதான் நடக்கிறது. ஆனால் அது உனக்குத் தூரம். சனி, ஞாயிறில் அப்பாவோடு போய்க்கொள்.

காந்தி மியூசியம் வளாகத்துக்கும் போகலாம். ராணி மங்கம்மாள் அரண்மனை அது. 1959இல் நேரு வந்து மியூசியமாகத் திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. மதுரைக்காரர்கள் பலர் வெளியூர் விருந்தாளி வந்தால்தான் அதைப் பார்க்கப் போகிறார்கள். நீ ஒரு தடவை நின்று நிதானமாகப் பார். வளாகத்தில் மரங்கள் அதிகம், நல்ல நிழல். பொழுது சாய்வதற்குள் மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே கிளம்பிவிடு.

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்தைப் பற்றி நீயே கேட்டாய். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி அங்கே நடந்ததிலிருந்து உனக்கு அந்தப் பக்கம் கண். ஓடுதளம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, ஹாக்கி மைதானம் இருக்கிறது. விளையாட விருப்பம் இருந்தால் மிகவும் சந்தோஷம். ஆனால் பயிற்சியில் பெயர் கொடுத்துச் சேர வேண்டும். அப்பா வந்து கோச்சைப் பார்த்துப் பேச வேண்டும், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு தனியாக நிற்கச் சொல்லும் கோச் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எனக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும்.

சொக்கிகுளத்து மாலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம், ஏசி, பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் ஒருத்தியிடம் காசு இருக்காது, அவள் பசிக்கவில்லை என்று சொல்வாள். அல்லது யாராவது ஒருவன் எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பான், அப்புறம் அவனுக்கு நீங்கள் கடன்பட்ட மாதிரி ஆகிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை, கையில் காசு வைத்துக்கொண்டு போங்கள்.

நத்தம் ரோட்டு மேம்பாலத்துக்குக் கீழே மட்டும் வேண்டாம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கீழே நிழலாகத்தான் இருக்கிறது, பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். தூணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது, கூப்பிட்டால் வண்டிச் சத்தத்தில் கேட்காது. யாருடைய வீட்டிலாவது பெரியவர்கள் இல்லாதபோது போய் உட்காருவதும் வேண்டாம். வீடு என்ற பெயர் இருப்பதாலேயே அது பத்திரம் ஆகிவிடாது. இது தம்பிக்கும்தான். பையன் என்றால் ஒன்றும் ஆகாது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பாற்ற 2012இல் போட்ட போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் சேர்த்துத்தான். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், ஏன் அப்படிப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைக் கடிகாரத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். மதுரையில் ஜூன் மாதம் ஆறரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்ட ஆரம்பித்துவிடும். இருட்டுவதற்குள் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. பஸ் என்றுதான் சொல்கிறேன். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அதனால் காசு இல்லை, நேரம் ஆகிவிட்டது என்று யாருடைய பைக்கிலும் ஏற வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. தெரிந்த அண்ணனாக இருந்தாலும், கடைப் பையனாக இருந்தாலும், என்னிடமோ அப்பாவிடமோ கேட்காமல் ஏறாதே.

டைப்பிங் கிளாஸ் என்று சொன்னேன் இல்லையா. எங்களோடு படித்த ஒருத்தி, ஐந்து மணி பேட்ச். அங்கே வரும் ஒரு ஆள் தினமும் டிவிஎஸ் 50ஐ மெதுவாக ஓட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வருவான், ஏறிக்கொள், விட்டுவிடுகிறேன் என்பான். அவளுக்குப் பயத்தில் கை நடுங்கும், எங்களிடம் காட்டினாள். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் முதலில் கிளாஸை நிறுத்துவார்கள், அப்புறம் பள்ளியையும் நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆளை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கடைசியில் டைப்ரைட்டிங் லோயர் கிரேடு பரீட்சை எழுதாமலே அவளாகவே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பாவும் சம்மதித்திருக்கிறார். உனக்கு ஏதாவது நடந்தால், நடக்கும் போலத் தோன்றினாலும், எங்களைக் கூப்பிடு. நாங்கள் சொல்லாத இடத்துக்கு நீ போயிருந்தாலும், பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் கூப்பிடு. "அங்கே ஏன் போனாய்" என்று அன்றைக்குக் கேட்க மாட்டோம். நீ சொன்னதற்காக வெளியே போவதை நிறுத்தவும் மாட்டோம். வேறு இடம் பார்ப்போம், வேறு வழி பார்ப்போம். எங்களைப் பிடிக்க முடியாவிட்டால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். பெண்களுக்கு 181. போலீசுக்கு 112. அப்பாவின் பழைய போனை உனக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதில் தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' செயலியைப் போட்டு, சிவப்பு பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள். பேட்டரி தீர்ந்தால் எதுவும் உதவாது, அதனால் நம்பர்களை நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வை. எனக்கு இங்கிருந்து ஓடி வர முடியாது. அப்பா ஸ்கூட்டரில் இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார்.

இப்போதைக்குச் செவ்வாய், வியாழன் இரண்டு நாள். வருகிற சனிக்கிழமை அப்பா கடையை மத்தியானம் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வருகிறார். நீயும் அவரும் பள்ளி வாசலிலிருந்து நூலகம் வரை நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் ரோட்டைக் கடப்பது, புதூர் பஸ் எங்கே நிற்கும், வழியில் நாலு மணிக்கே திறந்திருக்கிற கடை எது என்று பார்த்து வையுங்கள். பருத்திப்பால் வண்டி வைத்திருக்கிற அம்மாவுக்கு உன் முகம் தெரியட்டும். அப்பத்தாவையும் ஒரு நாள் ஆட்டோவில் கூட்டிப்போய் நூலகத்தைக் காட்டிவிட்டால் வீட்டில் பேச்சுக் குறையும். கீழே உட்கார நாற்காலி இருக்கிறது என்று சொல், வருவார்கள்.

கூட வருகிற பிள்ளைகள் யார் யார், அவர்கள் வீட்டு நம்பர் என்ன என்று எனக்கு அனுப்பு. அவர்களுடைய அம்மாக்களிடம் நானே பேசுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை, அன்றைக்குக் காலையில் கூப்பிடுகிறேன். தம்பி கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அம்மா