சாளுவன்குப்பம் முருகன் கோயில் இடிபாடுகளுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருக்கழுக்குன்றம்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
செங்கல்பட்டு.

பொருள்: சாளுவன்குப்பம் பழைய முருகன் கோயில் இடிபாடுகளைக் காண வருவோருக்குத் தமிழ் விளக்கப் பலகைகள், வழிகாட்டி, வழிப் பலகைகள் அமைத்துத் தரவும், இடிபாடுகளை உள்ளபடியே காக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சாளுவன்குப்பத்துக்கு, பல்லவர் காலப் பாறைக் குடைவான புலிக்குகையைப் பார்க்க மக்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். அங்கிருந்து சற்று வடக்கே நடந்தால், மணலுக்குள்ளிருந்து மீட்கப்பட்ட முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் இருக்கிறது. நான் போன போதெல்லாம் புலிக்குகையில் கூட்டம் நிறைந்திருக்க, இங்கே ஓரிருவரே தென்பட்டார்கள். விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். கோயிலின் முன்னே நின்றுகொண்டே ஒரு சிறுமி, "டீச்சர், கோயில் எங்கே?" என்று கேட்டாள். குழந்தை கேட்டதில் தவறே இல்லை. கோபுரமும் விமானமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே தெரிவது செங்கல் வரிசைகளும் சில கருங்கற்களும்தான்.

ஆனால் அந்தச் செங்கற்களுக்குப் பின்னால் இருப்பது சாதாரண வரலாறு அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரை மணலை அரித்துச் சென்றபோது பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துச் சாசனம் ஒன்று, திருவிழிச்சில் ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்குத் தந்த கொடையைப் பற்றிப் பேசியது. சாளுவன்குப்பத்தின் பழைய பெயரே திருவிழிச்சில். கொடை பெற்ற கோயில் எங்கே போயிற்று என்று தேடிய இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் பக்கத்து மணல் மேட்டைத் தோண்டினார்கள். முதலில் பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம் கிடைத்தது. பல்லவ மன்னர்களான தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன் காலத்துக் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுத் தூண்களும் கிடைத்தன. இன்னும் கீழே போனபோது அதைவிடப் பழமையான செங்கல் கோயில் இருந்தது. ஒரு கோயிலைக் கடல் கொண்டுபோக, அதே இடத்தில் அதே தெய்வத்துக்கு இன்னொரு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அதையும் கடல் விடவில்லை என்பது அகழாய்வாளர்களின் கருத்து.

கருவறை ஏறத்தாழ 2 மீட்டர் அளவுதான். 27 வரிசைச் செங்கற்கள் அடுக்கிய கட்டு. குனிந்து பார்த்தால் செங்கற்களின் அளவே வியப்பூட்டும். நம் சூளைச் செங்கல் அவற்றின் பக்கத்தில் சிறுபிள்ளைபோல் இருக்கும். பூம்புகாரிலும் உறையூரிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த பழஞ்செங்கற்களோடு இவற்றை ஒப்பிடுகிறார்கள். கோயில் வடக்கு நோக்கியது. கல்லில் செய்த வேல் ஒன்றும், குரவைக் கூத்து ஆடும் பெண்களைக் காட்டும் சுடுமண் பலகை ஒன்றும் இங்கே கிடைத்தன. முருகனுக்குக் குன்றவர் ஆடிய குரவையைச் சிலப்பதிகாரத்தில் படித்துப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். அந்த ஆட்டத்தை மண்ணில் வடித்த கையும் இந்தக் கரையில் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறியாமலே வளர்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எனவே, அகழாய்வில் தெரிந்த அமைப்பைக் காட்டும் வரைபடத்தோடு பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகைகள் வைக்க, தொல்லியல் துறையுடன் பேசி ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். எது செங்கல் கோயில், எது பல்லவர் பணி என்று பார்ப்பவருக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். பாறைக் கல்வெட்டின் வாசகமும் அதன் பொருளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். செங்கல் கோயிலைச் சங்க காலத்தது என்று அகழாய்வாளர்கள் கணித்தார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதலாம். உண்மையைச் சொல்வதால் இந்த இடத்தின் பெருமை குறையாது. குரவைக் கூத்துப் பலகையின் படி ஒன்றைச் செய்து இங்கே வைக்க முடியுமானால் மிகவும் நல்லது.

உள்ளூர் இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி தந்து விடுமுறை நாட்களில் வழிகாட்டிகளாக அமர்த்தலாம். மாமல்லபுரம் சுற்றுலா வரும் பள்ளிகள் இங்கும் வருமாறு கல்வித் துறை வழியாகச் சுற்றறிக்கை அனுப்பலாம். திருப்போரூர் கந்தசுவாமி கோயிலுக்கு வரும் அடியார்கள் இவ்வளவு அருகில் இப்படியொரு முருகன் தலம் இருந்ததை அறிய, அங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வழிப் பலகைகள் வேண்டும்.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே இடத்தில் புதுக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்யலாமே என்று பேசிக்கொண்ட சிலரை அங்கேயே சந்தித்தேன். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவள் நான். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்படி ஒரு கோரிக்கை வந்தால் ஏற்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சிமெண்டும் வண்ணப்பூச்சும் ஏறிவிட்டால், கடலே விட்டுவைத்த மிச்சத்தை நாமே அழித்தவர்கள் ஆவோம். உப்புக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் செங்கற்களைக் காக்க என்ன செய்யலாம் என்பதை வல்லுநர்களிடம் கேட்டுச் செய்வதே போதும். எண்ணெய் விளக்கும் கற்பூரமும் கற்களின் மேல் ஏற்றாதிருக்க அன்பான அறிவிப்பு ஒன்றும் இருக்கட்டும்.

பலகைகளுக்கான தமிழ் வாசகத்தை எழுதவோ பிழை திருத்தவோ என் உதவி தேவைப்பட்டால், ஊதியம் எதுவுமின்றிச் செய்து தர அணியமாக இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டில் பள்ளிகள் திறப்பதற்குள் விளக்கப் பலகைகளையாவது அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இடம்: திருக்கழுக்குன்றம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை