எல்லையைக் கணக்கில் எடுக்காத புள்ளிப் பரவல் மென்பொருள் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான ஒப்பீட்டு முடிவுகள் – திருத்தமும் உரிமக் கட்டணத்தைத் திருப்பித் தருதலும் கோருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். காட்டில் மரங்கள் நிற்கும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, ஒரே மர இனம் இரண்டு நிலத்துண்டுகளில் ஒரே மாதிரி பரவியிருக்கிறதா என்று ஒப்பிடுவது எங்கள் வேலை. அதற்காகத்தான் உங்கள் மென்பொருளின் ஓராண்டு உரிமத்தை வாங்கினோம். அது தரும் முடிவுகளை நம்ப முடியவில்லை.

எங்கள் முதல் துண்டு ஏறக்குறைய சதுரம், இரண்டாவது முக்கோணம். இரண்டின் எல்லைக் கோப்புகளையும் ஏற்றினோம். திரையில் எல்லை சரியாகவே தெரிகிறது. ஆனால் ரிப்ளியின் கே சார்பைக் (ஒரு மரத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் சராசரியாக எத்தனை மரங்கள் உள்ளன என்பதை மர அடர்த்தியால் வகுத்துப் பெறும் அளவு) கணக்கிடும்போது, மென்பொருள் அந்த எல்லையை விட்டுவிட்டுப் புள்ளிகளைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, அதன் பரப்பை எடுத்துக்கொள்கிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களும் 100 மீட்டர் உள்ள முக்கோணத்துக்குள் புள்ளிகளை முற்றிலும் தற்செயலாகத் தூவுங்கள். 5 மீட்டர் தொலைவுக்கு கே மதிப்பு, 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பான சுமார் 78.5 சதுர மீட்டரை ஒட்டி வர வேண்டும். உங்கள் மென்பொருளில் 150ஐத் தாண்டுகிறது. முக்கோணத்தின் பரப்பு 5,000 சதுர மீட்டர். மென்பொருள் எடுத்துக்கொண்டதோ கிட்டத்தட்ட 10,000. பரப்பு இரட்டித்தால் அடர்த்தி பாதியாகும், கே கிட்டத்தட்ட இரு மடங்காகும். அப்புறம் என்ன, கொத்தே இல்லாத இடத்தில் 'கொத்தான பரவல்' என்று அறிக்கை வருகிறது. சதுரத் துண்டோடு ஒப்பிட்டால் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்கிறது. அதே புள்ளிகளையும் எல்லையையும் புள்ளிப் பரவலை ஆராய இலவசமாகக் கிடைக்கும் ஸ்பாட்ஸ்டாட் (spatstat) என்ற நிரல் தொகுப்பில் கொடுத்தால் சரியான மதிப்பு வருகிறது. ரிப்ளி இந்த முறையை வகுத்தது 1970களில். ஓரத் திருத்தம், அதாவது எல்லைக்கு வெளியே உள்ள மரங்கள் கணக்கில் வராததைச் சரிக்கட்டுவது, அப்போதே பேசப்பட்ட விஷயம்.

இன்னொன்று: புள்ளிகளைத் தற்செயலாகத் தூவிப் பார்க்கும் 99 சிமுலேஷன் மட்டும் ஓட்டிவிட்டு, இப்படியொரு முடிவு தற்செயலாகவே வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.0000 என்று அச்சிடுகிறது. உண்மைத் தரவையும் சேர்த்து மொத்தம் 100தான் என்பதால், 99 ஓட்டத்தில் 0.01க்குக் கீழே போகவே வழியில்லை.

உங்கள் உதவிக் குழு, புள்ளிகளின் எண்ணிக்கையை அதிகமாக்கிப் பார்க்கச் சொன்னது. அந்தப் பதில்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. பரப்பே தவறாக இருக்கும்போது, புள்ளிகள் கூடக் கூடத் தவறான முடிவு இன்னும் உறுதியானதாகத்தான் தெரியும். இந்த அறிக்கைகளை நம்பி எந்தக் காட்டுத் துண்டைக் காப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, ஏற்றப்பட்ட எல்லையையே கணக்கிலும் பயன்படுத்தும் திருத்தப் பதிப்பை வெளியிடுங்கள். அதுவரை செவ்வகமல்லாத நிலங்களுக்கு எச்சரிக்கை காட்டுங்கள். இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பிழையை எழுத்தில் தெரிவியுங்கள். பலர் இந்த எண்களை ஏற்கெனவே கட்டுரைகளில் சேர்த்திருக்கக்கூடும். எங்கள் உரிமக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். சோதனைப் புள்ளிகள், எல்லைக் கோப்பு, மென்பொருள் தந்த அறிக்கை மூன்றையும் இணைத்துள்ளேன். நிரல் எழுதுபவர் ஒருவரே நேரடியாகப் பதில் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற பயனர்